பதியம் போட்ட பயம்

அப்பாவைப் பார்த்ததும் சண்முகக்கனிக்குத் திரும்பி ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

அவர் ஒன்றும் செய்யவில்லை, பாவம். மகள் பொங்கல் லீவுக்கு வருகிறாள் என்று உப்பளத்திலிருந்து அரைநாள் முன்னதாகவே திரும்பி, குளித்து, வெளுத்த சட்டை ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து "வாம்மா" என்றார். அவ்வளவுதான். கனிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கை தானாக இடுப்புக்குப் போய் அங்கே இல்லாத லத்தியைத் தேடியது. இவன் பொல்லாதவன், இவனுக்கு முதுகைக் காட்டாதே, கையில் என்ன வைத்திருக்கிறான் பார் என்று உடம்புக்குள்ளே யாரோ அதட்டினார்கள். யாரைப் பார்த்து? பள்ளிக்கூடம் முடியும் வரை சைக்கிள் பாரில் உட்கார வைத்து மிதித்த மனிதரைப் பார்த்து.

அப்பா அழகுலிங்கம் பையை வாங்கக் கையை நீட்டினார். பின்வாங்கிய கனி படியில் இடறினாள்.

"என்னம்மா, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லப்பா. வெயிலு."

அந்த லீவு முழுக்க அவள் அடுக்களையிலேயே கிடந்தாள். அப்பா உள்ளே வந்தால் கொல்லைக்குப் போவாள், கொல்லைக்கு வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் அவர் அம்மாவிடம் மெதுவாகச் சொல்வது சுவர் வழியாகக் கேட்டது. "பிள்ள பெரிய படிப்புல்லா படிக்கா. அளத்துக்காரன அப்பான்னு சொல்லக் கூச்சமாத்தான இருக்கும். நீ ஒண்ணும் கேட்டுக்கிடாத."

கனிக்கு அங்கேயே செத்துப் போகலாம் போலிருந்தது. வெளியே வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு "அதில்லப்பா" என்று சொல்லியிருப்பாள். ஆனால் அதற்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இது என்ன கூத்து என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

கனி படித்தது காவல் நீதிக் கல்லூரியில். குற்ற நீதி முதுகலைப் பட்டமும் சப்-இன்ஸ்பெக்டர் பயிற்சியும் இரண்டும் சேர்த்து இரண்டே வருஷத்தில். காலையில் வகுப்பு, சாட்சியச் சட்டம், குற்றவியல், மனித உரிமை என்று தலையணை தலையணையாகப் புத்தகம். மதியத்துக்கு மேல் மைதானம். அணிவகுப்பு, துப்பாக்கி, லத்தி. படித்த போலீஸ் வேண்டும், பண்புள்ள போலீஸ் வேண்டும் என்று மேடைதோறும் பேசிப் பேசி அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். முதல் செட் பிள்ளைகள் ஸ்டேஷனுக்குப் போன பிறகுதான் வினை தெரிந்தது. சட்டப் பிரிவெல்லாம் தலைகீழாகச் சொன்னார்கள். மடியில் கத்தியோடு வந்தவனை "உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேட்டார்கள். ஒருவன் குத்துப்பட்டான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழைய ஆட்கள் சிரித்தார்கள்.

முப்பது வருஷ அனுபவத்தை இரண்டு வருஷத்தில் எங்கே போய் வாங்குவது? அதற்குத்தான் பதியம். மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணுக்குள் அழுத்திப் பதியம் போடுகிறோம் அல்லவா, அப்படி ஒருவருடைய பயத்தை எடுத்து இன்னொருவருக்குள் ஊன்றிவிடுவது. வீரபத்திரன் என்று ஒரு இன்ஸ்பெக்டர். மலையடிவார ஸ்டேஷன்களில் கஞ்சா வேட்டையிலேயே காலம் கழித்தவர். திருவிழாக் கூட்டத்தில் எவன் ஆபத்தானவன் என்று அவருக்கு வயிற்றைக் கலக்குமாம், கலக்கினால் தப்பாதாம். ஓய்வு பெறுமுன் அவரை உட்கார வைத்து அந்தக் கலக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு அவர் செத்துப்போனார். அவருடைய பயம் மட்டும் சாகாமல், ஒவ்வொரு வருஷமும் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குள் முளைத்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் அய்யா. யாரையாவது பார்த்துத் திடீரென்று குலை நடுங்கினால் "அய்யா முழிச்சிட்டார்" என்பார்கள். முதலில் அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

லீவு முடிந்து திரும்பியதும் கனி தன் அறைத்தோழி ஷமீலாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். ஷமீலா ஆம்பூர்க்காரி, எதையும் சட்டென்று நம்ப மாட்டாள், நம்பிவிட்டால் விட மாட்டாள்.

"உங்க அப்பா மேல கேஸ் கீஸ் ஏதாவது?"

"எறும்பை மிதிச்சாலே வருத்தப்படுவாருடி."

"அப்புறம் அய்யா ஏன் முழிக்கணும்? சும்மா முழிக்க மாட்டாரே."

"அதைத்தான் பஸ்ல வர்ற வழியெல்லாம் யோசிச்சேன்," என்றாள் கனி. "மெஸ் மாஸ்டர் ஞாபகம் இருக்கா? வெங்காயம் வெட்டிட்டு வெளியே வந்தாரே, வரிசையில நின்ன பாதிப் பேர் தட்டோட பின்னாடி ஓடினோமே?"

ஷமீலா சிரித்தாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்த விஷயம் அது. பிறகு சிரிப்பு நின்றது.

"கண்ணு," என்றாள்.

"கண்ணுதான். சிவந்த கண்ணு. வீரபத்திரன் பார்த்த சிவந்த கண்ணெல்லாம் கஞ்சாக்காரன் கண்ணு. அவருக்கு அதுதான் தெரியும். எங்க ஊர்ல உப்பளத்துல வேலை பார்க்கிற எல்லாருக்கும் கண்ணு செக்கச் செவேல்னுதான் இருக்கும். காலையிலிருந்து வெள்ளை உப்பு மேல அடிக்கிற வெயிலையே பார்த்துக்கிட்டு நின்னா வேற எப்படி இருக்கும்? கறுப்புக் கண்ணாடி கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு போனாங்க."

"மேல சொல்லிடு கனி."

"சொன்னா பதியம் சரியா பிடிக்கலைன்னு என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று மாதத்தில் பட்டம், நட்சத்திரம், வேலை. உப்பளத் தெருவிலிருந்து முதல் சப்-இன்ஸ்பெக்டர். யார்தான் வாயைத் திறப்பார்கள்? அப்பா பக்கம் போகாமல் இருந்தால் போயிற்று என்று நினைத்தாள். அடுத்த வாரம் கையில் பட்டை கட்டினார்கள். கூடவே களப்பயிற்சி முகாம் எந்த ஊர் என்றும் அறிவித்தார்கள். தூத்துக்குடி, அவளுடைய சொந்த ஊர்.

பட்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கடைசிக் கட்டப் பயிற்சியில் மணிக்கட்டில் பூட்டுவார்கள், முகாம் முடிகிற வரை கழற்ற முடியாது. நாடித் துடிப்பு, உள்ளங்கை வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். பயம் ஒரு அளவைத் தாண்டினால் அதிரும். யாருக்கு முன்னால் நின்று அதிர்ந்ததோ அந்த ஆளின் பெயரில் ஒரு புள்ளி விழுந்துவிடும், மேலதிகாரிகள் பெயரில் மட்டும் விழாது. மூன்று அதிகாரிகளின் புள்ளி விழுந்தால் முன்தடுப்புக் காவல். கோர்ட் இல்லை, ஜாமீன் இல்லை, ஒரு வருஷம். இரண்டு விழுந்தவனை மூன்றாவது ஆள் தேடிப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். மூன்றாவது பட்டை அதிராவிட்டால் எல்லாப் புள்ளியும் அழிந்து ஆள் சுத்தம். மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தப்புத் தோன்றாது, இது நியாயமான சட்டம் என்று சட்டசபையில் மேஜையைத் தட்டினார்களாம்.

முகாம் போட்ட முதல் வாரத்திலேயே உப்பளத் தெரு பாதி காலியாயிற்று.

விடிகாலையில் டீக்கடையில் அளத்துக்குப் போகிற ஆட்கள் நிற்பார்கள். பயிற்சி அதிகாரிகள் இருவர் இருவராக அந்த வழியாக நடப்பார்கள். பட்டைகள் அதிரும். மதியத்துக்குள் நீல வேன் வரும். எந்த வீட்டிலும் சண்டையில்லை, சத்தமில்லை. என்ன குற்றம் என்று கேட்ட பெண்களுக்குப் பதில் சொல்லவும் யாருக்கும் தெரியவில்லை. இந்தச் சின்னத் தெருவுக்குள் இத்தனை பேர் ஒளிந்திருந்தார்களே என்று மேலிடத்தில் பிள்ளைகளைப் பாராட்டினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. அரண்டவன் ஒருவன், அவன் கண்ணை நாற்பது பேருக்கு வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று பழமொழி சொன்னவர் யோசிக்கவில்லை.

கனி உள்ளூர்க்காரி என்பதால் அவளை முகாம் அலுவலகத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக வேன் போவதும் வருவதும் தெரியும். ஒவ்வொரு தடவையும் உள்ளே யார் முகம் என்று பார்ப்பாள். எதிர்வீட்டு மாமா போனார். கூடப் படித்த பேச்சிமுத்து போனான். தெருமுனையில் கிழக்கு பார்த்த வீட்டு அத்தைகூடப் போனாள், அவளும் அளத்துக்காரிதான். வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவை வேலைக்குப் போகவேண்டாம், டீக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவேண்டாம் என்று அம்மா சுடலைவடிவிடம் கெஞ்சினாள். "வீட்டுல உக்காந்தா கஞ்சி யாரு ஊத்துவா?" என்றாள் அம்மா.

அன்று மத்தியானம் ஷமீலா சாப்பாட்டுத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"கனி, உங்க அப்பா பேரு அழகுலிங்கமா?"

கனி சாப்பிடுவதை நிறுத்தினாள். "ஏன்?"

"டீக்கடையில ஒருத்தர் தானா வந்து பேசினார். எம்மவளும் உங்க கூடத்தாம்மா படிக்கா, சண்முகக்கனின்னு பேரு, தெரியுமான்னு கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு." ஷமீலாவின் குரல் உடைந்தது. "நான் கீழயே பார்த்துக்கிட்டு நின்னேன்டி. சத்தியமா பார்க்கக்கூடாதுன்னுதான் நின்னேன். பேரைச் சொன்னதும் நிமிர்ந்துட்டேன். அய்யா முழிச்சிட்டார்."

"எத்தனாவது?"

"ரெண்டாவது. எனக்கு முன்னாடியே யாரோ பார்த்திருக்காங்க."

கனி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து முகாம் தலைமை அறைக்குப் போனாள். கல்லூரி இயக்குநர் சாரதாமணி முகாமைப் பார்வையிட அன்று வந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு மெஸ்ஸில் முட்டை போடச் சொன்னவர் அவர்தான். ஆனால் அவர் முன்னால் நிற்கிற எவருக்கும் உள்ளங்கை நனைந்துவிடும்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும்." கனி வெங்காயத்திலிருந்து ஆரம்பித்து டீக்கடை வரை சொல்லி முடித்தாள். "நாங்க மூணு பேர் பயந்தா அது மூணு பேரோட பயம் இல்ல மேடம். ஒரே ஆள்தான். அவரே மூணு தடவை கை தூக்கறார். காலை வகுப்புல நீங்களே சொல்லிக் கொடுத்தது, ஒரே வாயிலிருந்து கேட்டதை மூணு பேர் வந்து சொன்னா அது ஒரே சாட்சின்னு."

"நாப்பது பேரும் ஒரே புத்தகத்தைத்தானே படிக்கிறீங்க? அதுக்காக நாப்பது பேரும் ஒரே ஆளா?"

"புத்தகம் தப்புன்னா எனக்குத் தெரியும் மேடம். இது உடம்பு. தப்புன்னு தெரிஞ்சாலும் நடுங்குது."

சாரதாமணி நாற்காலியில் சாய்ந்தார். "எங்க அப்பா நல்லவர்னு சொல்ல எல்லாப் பிள்ளைக்கும் ஆசைதாம்மா."

கனிக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. "மேடம், உங்க முன்னாடி நிக்கும்போது எங்க எல்லாருக்கும் பயமா இருக்கு. இப்பக்கூட என் பட்டை அதிருது. மேலதிகாரிகளுக்கு மட்டும் ஏன் மேடம் விலக்கு?"

"ஏன்னா நான் குற்றவாளி இல்லை."

"அது உங்களுக்குத் தெரியும். பட்டைக்குத் தெரியாதே."

"அதனாலதான் விலக்கு," என்றார் சாரதாமணி. சொன்ன பிறகு அவருக்கே அது எங்கேயோ இடித்திருக்க வேண்டும். பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார், மறுபடி எடுத்தார். "சரி. சட்டத்தை நானோ நீயோ மாத்த முடியாது. மூணாவது பார்வைக்கு யுகேந்திரனை அனுப்பறேன். வகுப்புலயே நிதானமான பையன், வேணும்னே எதையும் செய்ய மாட்டான். வழிகாட்ட நீ கூடப் போ. உன் பட்டையும் கணக்குல வரும்."

"நான் மகள், மேடம்."

"மகள்னா இன்னும் பெரிய சாட்சி. பாசத்தையும் மீறிப் பயம் வந்தா, அதை யார் மறுக்க முடியும்? விதியிலயே இருக்கு. பயம் வரலைன்னா உங்க அப்பா சுத்தம். நாளைக்குக் காலையில."

கனி வெளியே வந்தாள். ஓடிப்போகச் சொல்லலாமா? ஓடினால் அதுவே தனிக் குற்றம், பிடித்தால் இரண்டு வருஷம். பட்டையை உடைத்துவிடலாமா? உடைத்தால் வேறு யாராவது வருவார்கள், அவர்களுக்குள்ளும் அதே அய்யாதான் உட்கார்ந்திருப்பார். படிக்கட்டில் உட்கார்ந்து, வேறு ஒன்றும் தோன்றாமல் போனை எடுத்து அப்பா படத்தைப் பார்த்தாள். குப்பென்று நெஞ்சு அடைத்தது. விரலால் தள்ளினாள். அடுத்த படம், அதே. அடுத்தது போன கோடையில் அம்மா எடுத்து அனுப்பியது; அளத்துக் கொட்டகையில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி பார்த்தாள். மூக்கு, மீசை, நெற்றியில் உப்புப் பூத்த கோடுகள், எல்லாம் அப்பா. அய்யா அசையவே இல்லை. கண் மூடியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பதியம் போட்ட பிறகு முதல் தடவையாக அப்பா முகத்தைப் பயமில்லாமல் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் போன் மேல் சொட்டியது, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள். அப்பாவே எடுத்தார்.

"அப்பா, நான் சொல்லுததை ஏன், எதுக்குன்னு கேக்காம செய்யணும். நாளைக்கு நானும் இன்னொருத்தரும் வருவோம். அவரு போற வரைக்கும் நீங்க கண்ணைத் திறக்கக்கூடாது. கண்ணுல மருந்து விட்டிருக்குன்னு அம்மா சொல்லட்டும். என்ன நடந்தாலும் திறக்கக்கூடாதுப்பா."

"என் கண்ணைப் பாத்தா பயமா இருக்கோ மக்கா?"

கனி போனைப் பிடித்தபடி அழுதுவிட்டாள்.

"அப்ப அன்னைக்கு நீ கூச்சப்படல," என்றார் அழகுலிங்கம். அவர் குரலில் நிம்மதி கேட்டது. "இதுதானா விஷயம். மூடிக்கிட்டு உக்காந்தாப் போச்சு. இதுக்குப் போயி அழுவாளா ஒருத்தி."

மறுநாள் காலையில் யுகேந்திரன் ஜீப்பை ஓட்டினான். கோபிச்செட்டிபாளையத்துப் பையன், எதிலும் அவசரம் கிடையாது, ஒரு விதியைக்கூடத் தாண்ட மாட்டான். நேர்மையானவன் என்பதுதான் கனிக்கு இன்னும் பயமாக இருந்தது. பணிந்து கேட்டாலும் பார்க்காமல் திரும்ப மாட்டான்.

"ஏனுங்க, பேயடிச்சாப்ல இருக்கறீங்க?" என்றான். "உங்கப்பாகிட்ட ஒண்ணும் இல்லீன்னா நம்ம பட்டையும் சும்மா இருக்கப்போவுது. கவலைப்படாதீங்க."

"சரிங்க," என்றாள் கனி.

தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மெயின் ரோட்டு முனையில் நீல வேன், டிரைவர் கதவைத் திறந்து வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது பார்வை என்றால் வேன் பக்கத்திலேயே நிற்கும், அதுவும் விதிதான். கனி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

அழகுலிங்கம் முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அதே வெளுத்த சட்டை. தலையைப் படிய வாரியிருந்தார், கைகளை முழங்காலில் வைத்திருந்தார், போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. கண்கள் இறுக மூடியிருந்தன.

"கண்ணுல மருந்து விட்டிருக்குய்யா," என்றாள் சுடலைவடிவு, சொல்லிக் கொடுத்தபடியே. "தொறக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு."

"பரவாயில்லீங்கம்மா, அப்படியே இருக்கட்டும்." யுகேந்திரன் அவர் எதிரில் போய் நின்றான். கனி அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். "அய்யா, உங்க பேருங்க?"

"அழகுலிங்கம்."

"என்ன வேலை செய்யறீங்க?"

"அளத்துல உப்பு வாருதேன். இருபத்தஞ்சு வருசமா."

கனி தன்னைத் தானே தடவிப் பார்ப்பது போல உள்ளே பார்த்துக்கொண்டாள். அய்யா தூங்கினார். நல்ல தூக்கம். அப்பா அப்பாவாகவே உட்கார்ந்திருந்தார். யுகேந்திரனின் மணிக்கட்டைக் கடைக்கண்ணால் பார்த்தாள். பட்டை அசையவில்லை. அவன் அடுத்த கேள்வி கேட்டான். கோபம் வருமா, குடிப்பழக்கம் உண்டா, யாரோடாவது பகை உண்டா. அவர் ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மரியாதையாகப் பதில் சொன்னார்.

வெயில் ஏறியது. அழகுலிங்கத்தின் நெற்றியில் வியர்வை கோத்தது. ஒரு துளி புருவத்தில் தங்கி நின்றது.

விழுந்துவிடாதே என்று கனி அதைப் பார்த்தாள். அது இறங்கியது. புருவத்தைத் தாண்டி இமையின் ஓரத்துக்கு வந்தது. உப்பு வியர்வை, எரியும். எரிந்தால் திறப்பார், திறந்தால் யுகேந்திரன் நேர் எதிரே நிற்கிறான், வேன் முனையில் நிற்கிறது. அப்பா இமையைச் சுருக்கினார். கன்னம் துடித்தது. திறக்காதீங்கப்பா. ஒரு வருஷம், கோர்ட் கிடையாது, போனவர்கள் ஒருவர்கூட இன்னும் வரவில்லை, எதிர்வீட்டு மாமா என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. திறக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான். அவள் காதுக்குள் ரத்தம் இரைந்தது. உள்ளங்கையை யூனிஃபார்மில் துடைத்தாள், துடைக்கத் துடைக்க நனைந்தது. பக்கத்தில் யுகேந்திரன் ஏதோ சொன்னான், அவளுக்குக் கேட்கவில்லை.

"போலாங்க," என்றான் அவன் மறுபடியும். "எனக்கு ஒண்ணும் தோணலை. நல்ல மனுசனாத்தான் தெரியறாரு."

அவர் திறக்கவில்லை. துளி கன்னத்தில் வழிந்து தாடையில் இறங்கிவிட்டது. முடிந்தது, அப்பா சுத்தம் என்று கனி மூச்சை விடப் போனாள்.

அப்போது ஒரு பட்டை அதிரும் சத்தம் கேட்டது. யுகேந்திரன் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். அவனுடையது இல்லை.

கனி குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டை நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அய்யா இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார், அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. இது அவர் பயமில்லை. அவளுடையது. அப்பாவுக்காக அவள் பட்ட பயம். அதைப் பட்டைக்கு எப்படிச் சொல்வது?

"இல்ல," என்றாள். "இது அது இல்ல. யுகேந்திரன், நான் அவரைப் பார்த்துப் பயப்படல. அவரைப் பிடிச்சிட்டுப் போயிருவாங்களேன்னுதான். சொல்லுங்க, நீங்க பார்த்தீங்கல்ல?"

யுகேந்திரன் முகம் வெளுத்துப் போயிருந்தது. பட்டையைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்பது போல அவள் கையைப் பிடித்தான், பிறகு விட்டான். "புள்ளி மேலிடத்துக்குப் போயிருச்சுங்க," என்றான் தாழ்ந்த குரலில். "தானா போயிரும்ல. மூணு விழுந்திருச்சு."

தெருமுனையில் வேன் கதவு சாத்தப்படும் சத்தமும், பிறகு இன்ஜின் சத்தமும் வந்தன. சுடலைவடிவு இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வேன் மெதுவாகத் தெருவுக்குள் திரும்பியது.

அழகுலிங்கம் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் மூடியபடியே, மகள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியாமல் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, சிரித்தார்.

"முடிஞ்சுதா மக்கா? தொறக்கவே இல்ல பாத்தியா. இப்பப் பயமில்லல்லா?"